ஒரே வாசல், இரண்டு குடித்தனம்: இரட்டைத் துவக்கத்தின் வரலாறும் அதன் விதிகளும்

(நீண்ட பதிவு. மடிக்கணினியில் கைவைப்பதற்கு முன் முழுவதும் வாசித்துவிடுங்கள்.)

சென்ற வாரம் போர்ட் பிளேரில், அதாவது 2024 செப்டம்பரிலிருந்து ஏட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊரில், களப்பணிக்கு வந்திருந்த இளைய ஆய்வாளர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அக்கா, விண்டோஸ் அப்படியே இருக்கட்டும், பக்கத்துல லினக்ஸும் போடணும். டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாதே?”

ஆகாது என்று சொல்ல நா எழவில்லை. எனக்கு ஆகியிருக்கிறது. ஏழெட்டு விதிகளை மளமளவென்று ஒப்பித்தேன். அவரும் தலையசைத்தார். அறைக்குத் திரும்பியதும் அவற்றில் பாதியை மறந்திருப்பார் என்று தோன்றியது. காரணம் அறியாத விதி நினைவில் தங்காது. இரட்டைத் துவக்கத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் உண்டு. பெரும்பாலும் அது எங்கோ ஒருவருக்கு நேர்ந்த விபத்து. ஆகவே விதிகளை வரலாற்று வரிசையில் எழுதிவைக்கிறேன்.

முதலில், மொழியியல் மாணவருக்கு இரண்டு இயங்குதளங்கள் எதற்கு? தமிழ் எழுத்துகள் 1991இலேயே யூனிகோடின் முதல் பதிப்பில் இடம்பெற்றுவிட்டன. தமிழக அரசு அதைத் தன் தரமாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பாமினி, திஸ்கி, டாப், டாம் எனப் பல முறைகளில் தட்டச்சிடப்பட்ட களக்குறிப்புகள் எங்கள் துறையெங்கும் குவிந்து கிடக்கின்றன. ஒலிப்புக் குறிகளுக்கும் அக்காலத்தில் தனி எழுத்துருக்கள் இருந்தன. அவற்றை எழுதிய மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. பழையதைத் திறக்க விண்டோஸ் வேண்டும். திறந்ததை யூனிகோடாக்கி, ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் சலித்தெடுக்க லினக்ஸ் கைகொடுக்கிறது. ஆய்வு நிதியோ ஒரு மடிக்கணினிக்கு மேல் தாங்காது. எனவே ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்.

தட்டை மாற்றினால் தளம் மாறிய காலம்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் தனியாள் கணினியை அறிமுகப்படுத்தியபோது அதற்கு மூன்று இயங்குதளங்களை அறிவித்தது: பிசி டாஸ், சிபி/எம்-86, யுசிஎஸ்டி பி-சிஸ்டம். பல தளங்களை இயக்கும் வழக்கம் இப்பெட்டியோடு உடன்பிறந்தது என்பதைப் பலர் அறியார். அன்று அதில் ஆபத்தே இல்லை. இயங்குதளம் நெகிழ்தட்டில் இருந்தது. ஒரு தட்டை உருவி மற்றொன்றைச் செருகினால் தளம் மாறிவிடும். ஒன்று மற்றொன்றின் பொருளைத் தொட வழியே இல்லை.

1983இல் வன்தட்டோடு கூடிய எக்ஸ்டி வந்தது. அதன் கொள்ளளவு 10 மெகாபைட். அதனுடன் வந்த டாஸ் 2.0, தட்டைப் பங்கிடும் முறையையும் கொண்டுவந்தது. ‘பார்ட்டிஷன்’ என்று இன்று நாம் சொல்வது நம் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தின் பாகப்பிரிவினையேதான். வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் அதற்கான பத்திரம் எழுதப்பட்டது. அதில் 446 பைட்டுகள் கணினியை எழுப்பும் சிறு நிரலுக்கு, 64 பைட்டுகள் நான்கு பங்குகளின் எல்லைக் கணக்குக்கு, மீதி 2 பைட்டுகள் முத்திரைக்கு. வெவ்வேறு இயங்குதளங்கள் ஒரே தட்டில் குடியிருக்கவே இவ்வேற்பாடு உதவியது. ஆனால் பங்குகள் நான்கு, வாசல் ஒன்று. அந்த 446 பைட்டுகளில் யாருடைய நிரல் இருக்கிறதோ அவரே வீட்டின் வாயிற்காவலர். பின்வந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த வாசலுக்காக நடந்தவை.

ஹெல்சிங்கியில் ஒரு கைத்தவறு

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தன் 386 கணினியில் வைத்துக்கொண்டு, அதனருகிலேயே தன் சொந்தத் தளத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். லினக்ஸ் பிறந்ததே இரட்டைக் குடித்தனத்தில்தான். ஒருநாள், தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினியை அழைக்க மோடத்துக்குக் கட்டளை அனுப்புவதாக நினைத்து வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் பங்கின் முக்கியமான பகுதிகள் அழிந்தன. மினிக்ஸை மீண்டும் நிறுவலாமா, அல்லது தன் தளத்தை அதன் உதவியின்றியே நிற்கும்படி வளர்த்துவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவதைத் தேர்ந்தார். விபத்தே வளர்ச்சிக்கு வழியான அபூர்வக் கதை இது.

நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. நம் தட்டில் இருப்பது மீண்டும் எழுதக்கூடிய நிரலன்று, ஒருமுறையே பேசப்பட்ட பேச்சு. இங்கிருந்து பிறக்கும் விதி: எந்தத் தட்டு, எந்தப் பங்கு என்பதை அதன் அளவைக்கொண்டு இருமுறை சரிபார்க்காமல் எதையும் அழிக்க ஒப்புதல் தராதீர்கள். நிறுவும்போது வெளித்தட்டுகளைக் கழற்றிவைத்துவிடுங்கள். தவறான தட்டைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி செய்வதே சிறந்த கவனம்.

வாயிற்காவலர்கள்

லினக்ஸின் முதல் பெயர்பெற்ற வாயிற்காவலர் லிலோ. வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதியது. கெர்னல் தட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இட எண்ணாகவே அது மனப்பாடம் செய்துவைத்திருக்கும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு லிலோவுக்குச் சொல்ல மறந்தால், பழைய முகவரிக்குப் போய் விழிக்கும். 1995இல் எரிக் போலேன் எழுதத் தொடங்கிய கிரப் இக்குறையைத் தீர்த்தது. அது கோப்பு முறைமையைப் படிக்கவல்லது. முகவரியை மனப்பாடம் செய்யாமல் பெயரைச் சொல்லித் தேடிச்செல்லும்.

மறுபக்கம், விண்டோஸ் 95 போன்றவற்றின் நிறுவல் நிரல் எவரையும் கேளாமல் வாசலில் தன் காவலரை நிறுத்தியது. முன்பே இருந்த லினக்ஸ் அழியாது. ஆனால் அதற்குச் செல்லும் வழி மறைந்துவிடும். ‘முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்’ என்று இன்றும் சொல்லப்படும் விதி அன்று பிறந்தது. பின்னால் வருபவர் முன்னவரை மதித்துப் பட்டியலில் சேர்ப்பவராக இருக்கவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

வாசல் வணிகத்துக்கும் உரியது என்பதற்கு பிஓஎஸ் கதை சான்று. 1990களின் இறுதியில் ஹிட்டாச்சி நிறுவனம் விண்டோஸோடு பிஓஎஸ்ஸையும் நிறுவிய கணினிகளை விற்றது. ஆனால் கணினியைத் தொடங்கும்போது பிஓஎஸ் என்ற தேர்வு திரையில் தோன்றாது. மைக்ரோசாஃப்டின் உரிம நிபந்தனைகளே காரணம் என்று பி நிறுவனம் குற்றஞ்சாட்டி 2002இல் வழக்குத் தொடுத்தது. 2003இல் 2.325 கோடி டாலருக்கு, தவறை ஒப்புக்கொள்ளாமலேயே மைக்ரோசாஃப்ட் உடன்பாடு செய்துகொண்டது. அதற்குள் பி நிறுவனத்தின் சொத்துகள் விற்கப்பட்டுவிட்டன. பட்டியலில் பெயர் இல்லாத மொழிக்கு நேர்வதுதான் பட்டியலில் பெயர் இல்லாத இயங்குதளத்துக்கும் நேர்கிறது: இருக்கும், ஆனால் யாரும் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

அண்ணனின் மடிக்கணினி

தமிழ்ப் பிள்ளைகள் பலர் இரட்டைத் துவக்கத்தை முதன்முதலில் கண்டது பள்ளியில். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்த கணினிகள் வழங்கப்பட்டன. பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட இந்தியத் தளம். பொத்தானை அழுத்தியவுடன் இரண்டு பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று திரையில் வந்து நிற்கும்.

என் அண்ணனுக்கு அப்படியொன்று கிடைத்தது. ஊரில் கணினிக்கடை வைத்திருந்த ஒருவர், “இது எதுக்கு எடத்த அடைச்சிக்கிட்டு?” என்று விண்டோஸுக்குள்ளிருந்தே லினக்ஸின் பங்கை அழித்துவிட்டார். மறுநாள் கருந்திரையில் ‘கிரப் ரெஸ்கியூ’ என்று ஒரு வரி மட்டும் வந்தது. விண்டோஸ் பத்திரமாகத்தான் இருந்தது. வாசலில் நின்ற கிரப், தன் மீதிப் பாகம் இருந்த பங்கே காணாமற்போனதால் மேற்கொண்டு செல்ல வழியறியாமல் நின்றுவிட்டது. வீட்டில் எவருக்கும் அது தெரியாது. ‘கணினி செத்துப்போச்சு’ என்று ஒரு மாதம் அலமாரியில் கிடந்தது.

விதி: ஒரு தளத்தை நீக்குவதாயின், முதலில் வாசற்பொறுப்பை மற்றதன் கையில் ஒப்படையுங்கள். அதன்பின் பங்கை அழியுங்கள். வரிசை மாறக்கூடாது.

அரைத்தூக்கம்

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது வீட்டின் அமைப்பே மாறியது. பழைய 512 பைட் வாசலுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ பரவலாயிற்று. தட்டில் இதற்கென ஒரு சிறு பங்கு ஒதுக்கப்பட்டு, ஒவ்வொரு தளத்தின் துவக்கியும் அதில் தனித்தனி அடைவில் இருக்கும். எல்லைப் பத்திரமும் ஜிபிடி என்ற புதிய வடிவம் பெற்றது. அதன் நகல் தட்டின் கடைசியிலும் வைக்கப்படுகிறது. வாசலுக்கான பழைய சண்டை இதனால் பெருமளவு தணிந்தது. ஆனால் லினக்ஸை நிறுவும்போது அந்தச் சிறு பங்கை ‘ஃபார்மட்’ செய்துவிட்டால் விண்டோஸின் துவக்கியும் சேர்ந்து அழியும். அதைப் பயன்படுத்தலாம், அழிக்கலாகாது.

அதே விண்டோஸ் 8 ‘விரைவுத் துவக்கம்’ என்ற வசதியையும் கொண்டுவந்தது. கணினியை அணைத்ததாக நாம் நினைக்கிறோம். உண்மையில் விண்டோஸ் தன் உள்நிலையைத் தட்டில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் ஆழ்கிறது. அந்நேரத்தில் லினக்ஸைத் துவக்கி விண்டோஸின் பங்கில் ஒரு கோப்பை எழுதினால், விழித்தெழும் விண்டோஸுக்கு அம்மாற்றம் தெரியாது. தன் பழைய நினைவைக்கொண்டே மேலெழுதும். கோப்பு முறைமை சிதையும்.

இருமொழியாளர் மனத்தில் இரு மொழிகளும் எந்நேரமும் விழித்தேயிருக்கின்றன என்று எங்கள் துறை சொல்கிறது. தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரோடு அந்தமான் இந்தியில் உரையாடும்போதும் என் தமிழ் உள்ளே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கணினியில் நேர்மாறு. ஒன்று விழித்திருக்கும்போது மற்றொன்று முழுமையாக அணைந்திருக்கவேண்டும். அரைத்தூக்கமே ஆபத்து. ஆகவே விண்டோஸின் ஆற்றல் அமைப்புகளில் விரைவுத் துவக்கத்தை நிறுத்திவிடுங்கள். உறக்கநிலையில் விட்டுவிட்டு மற்றதற்குத் தாவாதீர்கள்.

இரண்டு கடிகாரங்கள்

அந்தமானில் வாழ்பவர்க்கு எளிதில் விளங்கும் சிக்கல் ஒன்றுண்டு. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரம். போர்ட் பிளேர் ஏறத்தாழ 92.7 பாகையில் இருக்கிறது. எனவே இங்கே சூரியன் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்தியே நடக்கிறான். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்குகிறது. சுவரில் ஒரு நேரம், வானத்தில் ஒரு நேரம்.

கணினியின் உட்கடிகாரத்தையும் இரு தளங்கள் இருவிதமாகப் படிக்கின்றன. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று கொள்கிறது. லினக்ஸ் பொதுவாக அதை உலகப் பொதுநேரம் என்று கொள்கிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணிநேரம் பின்தங்கி நிற்கும். இது சிறு தொல்லையென்று தோன்றும். எந்த உரையாடல் எப்போது பதிவானது என்பதைக் கோப்பின் நேரத்தைக்கொண்டு அறிபவருக்கு அது சிறியதன்று. நிறுவியவுடனே, இரண்டில் ஒன்றின் அமைப்பை மாற்றி இரண்டையும் ஒரே வழக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

48 இலக்கங்கள்

இனி என் கதை. இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் சிலர், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டார்கள். அவ்வழியில் வந்த குடும்பங்களின் பேச்சுத்தமிழ் என் ஆய்வின் ஒரு பகுதி. போர்ட் பிளேரில் மகன் வீட்டில் வசித்த ஆச்சி ஒருவர், பால்வெட்டும் தொழிலின் சொற்களை மூன்று நாட்கள் அமர்ந்து எனக்குச் சொன்னார்: கத்திக்கு ஒரு பெயர், வெட்டின் சாய்வுக்கு ஒரு பெயர், மழை நாளில் வீணாகும் பாலுக்கு ஒரு பெயர்.

பதிவுகளை மடிக்கணினிக்கு மாற்றினேன். ஒலிப்பதிவுக் கருவியின் அட்டையை அடுத்த நாள் வேலைக்காக அழித்தேன். அன்றிரவே லினக்ஸை நிறுவ முற்பட்டு, துவக்க அமைப்புகளை மாற்றினேன். மறுபடி விண்டோஸைத் துவக்கியபோது நீலத்திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது.

பிட்லாக்கர் வகைக் குறியாக்கம் பல புதிய கணினிகளில் நாம் கேளாமலே இயங்குகிறது. துவக்கப் பாதையில் மாற்றம் நேர்ந்தால் திருட்டென்று ஐயுற்று மீட்பு எண் கேட்பது அதன் இயல்பு. அதன் கடமையும் அதுவே. அந்த எண், கணினியில் முதன்முதல் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். என் கணினியை விற்ற கடையில் யாரோ ஒருவர் ஏதோவொரு மின்னஞ்சலைக் கொடுத்து அக்கணக்கைத் தொடங்கியிருந்தார். எவருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

பழைய பதிவுகளின் நகல்கள் வெளித்தட்டில் இருந்தன. அந்த மூன்று நாட்களின் பதிவு மட்டும் இல்லை. மீண்டும் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணினேன். அடுத்த பருவத்தில் சென்றபோது ஆச்சி இல்லை. கைக்குறிப்பில் பதினொரு சொற்கள் எஞ்சியிருக்கின்றன, ஒலி இல்லாமல்.

பிழை குறியாக்கத்தினதன்று, லினக்ஸினதுமன்று. வரிசை என்னுடையது. நகல் எடுத்தபின் அழிக்கவேண்டியதை, அழித்தபின் நகல் எடுக்க நினைத்தேன்.

2024 ஆகஸ்ட்

எல்லாம் சரியாக நிறுவியவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒப்பமிடப்பட்ட துவக்கியை மட்டுமே எழ அனுமதிக்கும் ‘செக்யூர் பூட்’ காவல் விண்டோஸ் 8 காலத்தில் வந்தது. லினக்ஸ் பக்கத்தினர் ‘ஷிம்’ என்ற சிறு இடைநிரலுக்கு மைக்ரோசாஃப்டின் ஒப்பம் பெற்று அதனோடு இணங்கினார்கள். 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியான விண்டோஸ் புதுப்பிப்பு, பாதுகாப்புக் குறையுள்ள பழைய துவக்கிகளைத் தடைசெய்தது. இரட்டைத் துவக்கக் கணினிகளை அது விட்டுவிடவேண்டும் என்பதே திட்டம். ஆனால் பலவற்றை அது அடையாளம் காணவில்லை. உலகெங்கும் பலருடைய லினக்ஸ், பெருந்தவறு நேர்ந்துவிட்டது என்ற பொருள்பட ஒரு வரியைக் காட்டி எழ மறுத்தது. முழுமையான தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது.

விதி: இரு தளங்களையும் புதுப்பித்தே வைத்திருங்கள். பெரிய புதுப்பிப்புகளைக் களப்பணிக்கு முந்தைய நாள் செய்யாதீர்கள். லினக்ஸை நேரடியாகத் துவக்கவல்ல பென் டிரைவ் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

தீவில் இருப்பவருக்கு

சென்னையில் கணினி எழாவிட்டால் ரிச்சி தெருவுக்குப் போகலாம். இங்கே அது கடலுக்கு அப்பால் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை-அந்தமான் கடலடி இழை செயல்படத் தொடங்கும்வரை, இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. சில ஜிபி கொண்ட நிறுவல் கோப்பைத் தரவிறக்குவதைவிட, தலைநிலத்திலிருந்து வருபவரிடம் டிவிடியாகச் சொல்லியனுப்புவது எளிது என்று மூத்தோர் சொல்வார்கள். இழை இப்போது கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை செல்கிறது. ஆகவே, நகலைத் தீவுக்கு வெளியே வைக்கமுடியாது என்ற சாக்கு இனி செல்லாது. 2004 டிசம்பர் 26 அன்று கச்சாலில் கடல் புகுந்ததைக் கண்டவர்கள் நடுவே நின்று இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு நகல்கள் ஒரு நகலுக்குச் சமம்.

2010 ஜனவரி 26 அன்று இவ்வூரில் மூத்த போவா காலமானார். அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளர் அவர். அம்மொழியின் குரலை இன்று நாம் கேட்க முடிவது, அன்விதா அப்பி போன்றோர் பதிவுசெய்து, பதிவைப் பேணியதால். பதிவுசெய்தல் பாதி வேலை. பேணுதல் மறுபாதி.

வரிசை

1. எல்லாத் தரவையும் இரண்டு இடங்களில் நகலெடுங்கள். ஒன்று தீவுக்கு வெளியே. நகலைத் திறந்து கேட்டுப்பாருங்கள்.
2. குறியாக்கத்தின் மீட்பு எண்ணை எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். நிறுவும்வரை குறியாக்கத்தை இடைநிறுத்துங்கள். கணக்கு உங்களுடையதுதானா என்று பாருங்கள்.
3. விரைவுத் துவக்கத்தை நிறுத்துங்கள்.
4. விண்டோஸின் பங்கை விண்டோஸின் தட்டு மேலாண்மைக் கருவியைக்கொண்டே சுருக்குங்கள். லினக்ஸுக்கு 60 ஜிபி தாராளம்.
5. நிறுவல் கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டபின் பென் டிரைவில் எழுதுங்கள். நிறுவாமலே துவக்கி, ஒலி, வைஃபை, விசைப்பலகை இயங்குகின்றனவா என்று ஒருநாள் பாருங்கள்.
6. விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ, அதே யுஇஎஃப்ஐ முறையில் லினக்ஸையும் காலியிடத்தில் நிறுவுங்கள். துவக்கப் பங்கை அழிக்காதீர்கள்.
7. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். இரு தளங்களும் எழுகின்றனவா என்று பார்த்தபின் குறியாக்கத்தை மீண்டும் இயக்குங்கள்.

இரண்டாவது எஸ்எஸ்டி பொருத்த இடமிருந்தால் லினக்ஸை அதில் வைப்பது இன்னும் நலம். 1981இன் நெகிழ்தட்டுப் பாதுகாப்பு அதனால் ஓரளவு திரும்பக் கிடைக்கிறது. இரு தளங்களும் ஒரே நேரத்தில் வேண்டுமெனில் மெய்நிகர்க் கணினி போதும், இந்த வேலையே தேவையில்லை.

அந்த இளைய ஆய்வாளர் இதைப் படிப்பார் என்று அறிவேன். தம்பி, லினக்ஸ் நாளை போட்டுக்கொள்ளலாம். இன்றிரவு முதல் விதியை மட்டும் செய்துவிடு.